பிறநாட்டு உணவின் மணமும் பயணியின் பசியும்

கடல் கடந்து சென்றவர்கள் முன்னர் கடிதம் மூலமும் இன்று தொலைபேசி மூலமும் வீட்டாருக்குத் தெரிவிக்கும் முதற் செய்திகளிலே, குளிரைப் பற்றிய முறைப்பாட்டுக்கு அடுத்தபடியாக இடம்பெறுவது உணவு பற்றிய முறைப்பாடாகும். உணவு கிடைக்கவில்லை என்று அவர்கள் கூறுவதில்லை. கிடைக்கும் உணவின் மணமே வயிற்றைப் புரட்டுகின்றது என்பதும், பசி எடுப்பதில்லை என்பதும், உடம்பு வற்றிவிட்டது என்பதுமே அவர்கள் கூற்றின் சாரம். கேட்கும் தாய் கலங்குவாள். அந்நாட்டில் ஏற்கெனவே பழகிவிட்ட நண்பர் சிரிப்பார். கலக்கத்துக்கும் சிரிப்புக்கும் இடையே விளக்கம் வேண்டி நிற்கும் பிரச்சினை ஒன்று உள்ளது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எமது சொந்த அனுபவம் ஒன்றிலிருந்து தொடங்குவது பொருத்தமாகலாம். மேற்படிப்பின் பொருட்டு இங்கிலாந்தின் வடபகுதி நகரொன்றில் நாம் தங்கியிருந்த விடுதியிலே, மாலை ஐந்து மணியளவில் செம்மறியாட்டிறைச்சி வேகும் மணம் மாடிப்படிகளில் ஏறி வரும். ஊரில் ஆட்டிறைச்சிக் கறியை விரும்பி உண்டவர்கள்தாம் நாம். எனினும், அந்த மணம் அறைக்குள் நுழைந்ததும் பகல் முழுவதும் இருந்த பசி எங்கோ போய்விடும். பாணையும் இனித்த தேநீரையும் கொண்டு பல இரவுகளைக் கழித்தோம். ஒரு மாதத்துள் இடுப்புப்பட்டியிற் புதிதாக இரு துளைகள் இட வேண்டியதாயிற்று. ஆனால் நான்காம் மாதமளவில், அதே விடுதியில், அதே படிகளில் ஏறி வந்த அதே மணம் எமது வாயில் உமிழ்நீரை ஊறச் செய்தது. இறைச்சியும் மாறவில்லை, சமையற்காரரும் மாறவில்லை. மாறியது யாது? இவ்வினாவுக்கு விடை காண முயலும்போது, பசி என்பது வயிற்றின் வெறுமை மட்டுமே என்ற பொதுவான கருத்து போதாது என்பது புலனாகின்றது.

1. நாவும் மூக்கும்

நாம் "சுவை" என வழங்குவதில் பெரும்பகுதி உண்மையில் மணமாகும். நாவினால் அறியக்கூடியவை இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு ஆகியனவும், இறைச்சிச் சாறு, முதிர்ந்த பாற்கட்டி போன்றவற்றில் உணரப்படும் ஊன்சுவையுமேயாகும். மிளகாயின் உறைப்பு எரிவுணர்ச்சியைக் கடத்தும் நரம்பு வழியாக அறியப்படுவது. எஞ்சிய வேறுபாடுகளெல்லாம், அதாவது ஏலக்காயைக் கறுவாவிலிருந்தும் கருவேப்பிலையை றம்பையிலிருந்தும் பிரித்தறியும் ஆற்றல் முழுவதும், மூக்கைச் சேர்ந்தவை. மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஏலக்காய் இட்ட இனிப்பொன்றை உண்பவர் இனிப்பை மட்டுமே உணர்வார்; விரல்களை எடுத்த மறுகணமே ஏலக்காய் வந்து சேரும். தடிமன் பிடித்த காலத்தில் உணவு மண்ணைப் போலிருப்பதன் காரணமும் இதுவே. 2020ஆம் ஆண்டு முதல் கொவிட் நோயினால் மணமறியும் ஆற்றலை இழந்தவர்கள், உணவில் நாட்டமே அற்றுப்போனதாகக் கூறியமையும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

மணம் மூக்கை அடைவதற்கு இரு வழிகள் உள்ளன. ஒன்று, வெளிக்காற்றுடன் நாசித் துவாரம் வழியாக வருவது. மற்றது, வாயில் மெல்லப்படும் உணவிலிருந்து தொண்டையின் பின்புறமாக மேலேறி வருவது. இவ்விரண்டும் ஒரே மூலக்கூறுகளைக் கொண்டுவரினும், மனம் அவற்றை ஒரே விதமாகக் கொள்வதில்லை. முதலாவதை அது சூழலின் மணமாகவும், இரண்டாவதை உணவின் சுவையாகவும் கொள்கின்றது. தூரியன் பழத்தை எட்ட இருந்து முகர்ந்து முகத்தைச் சுளித்தவர், ஒருமுறை வாயிலிட்டபின் அதனைத் தேடி உண்பதும் இதனாலேயே. பயணி பெரும்பாலும் முதல் வழியிலேயே நின்றுவிடுகின்றான் என்பது மனங்கொள்ளத்தக்கது. உணவுச்சாலையின் வாசலில் அவன் திரும்பிவிடுவதால், இரண்டாவது வழி திறக்கப்படாமலே போகின்றது.

மணமறியும் பொறிமுறை நீண்டகாலம் விளங்காதிருந்தது. 1991ஆம் ஆண்டில் லிண்டா பக், றிச்சட் அக்செல் ஆகிய இரு விஞ்ஞானிகள் மணவாங்கிகளுக்குரிய பரம்பரையலகுகளைக் கண்டறிந்து வெளியிட்டனர். அதற்காக 2004இல் நோபல் பரிசு பெற்றனர். மனிதரிடம் செயற்படும் மணவாங்கி வகைகள் ஏறத்தாழ 400 ஆகும். ஒவ்வொரு மணத்துக்கும் தனித்தனி வாங்கி இருப்பதில்லை. ஒரு மணம் பல வாங்கிகளைப் பல அளவுகளில் தூண்டுகின்றது. எழுத்துக்கள் சேர்ந்து சொல்லாவதுபோல அத்தூண்டல்களின் கோலமே மணமாக உணரப்படுகின்றது. எழுத்து எல்லார்க்கும் பொதுவாகலாம். சொல்லின் பொருளோ மொழியைக் கற்றவருக்கே விளங்கும். மேலும், ஏனைய புலன்களின் செய்திகள் மூளையின் தலமசுப் பகுதியைக் கடந்தே மேலே செல்ல, மணச்செய்தி மட்டும் அதனைக் காத்திராது, உணர்ச்சியோடும் ஞாபகத்தோடும் தொடர்புடைய பகுதிகளை நேரே அடைகின்றது. எனவே, இன்ன மணம் என்று பெயர் கூறுமுன்னரே விருப்போ வெறுப்போ எழுந்துவிடுகின்றது. பயணியின் குமட்டல் அவன் அறிவைக் கேட்டு வருவதன்று.

2. பசி கற்கப்படும் விதம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்ய உடற்றொழிலியலாளர் இவான் பவ்லோவின் ஆய்வுகூடத்தில் நடைபெற்ற பரிசோதனையொன்று எமது பொருளுக்கு மிக நெருக்கமானது. மணியோசைக்கு உமிழ்நீர் சுரந்த நாய்களைப் பற்றிப் பலரும் அறிவர். ஆனால், அவ்வாய்வுகூடத்தைச் சேர்ந்த சீற்றோவிச் என்பவர் நாய்க்குட்டிகளைக் கொண்டு செய்த பரிசோதனை அத்துணைப் பிரசித்தி பெறவில்லை. அவர் சில குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துப் பல மாதங்கள் பாலை மட்டுமே ஊட்டி வளர்த்தார். பின்னர் அவற்றுக்கு இறைச்சியையும் பாணையும் காட்டினார். இறைச்சியின் தோற்றமோ மணமோ அக்குட்டிகளில் ஒரு துளி உமிழ்நீரையேனும் சுரப்பிக்கவில்லை. பலமுறை உண்ணக் கொடுத்த பின்னரே அதன் மணம் சுரப்பைத் தூண்டலாயிற்று.

இறைச்சியின் மணம் நாய்க்கு இயல்பாகவே பசியூட்டும் என்று நாம் எண்ணியிருப்போம். நாய்க்கே அது கற்கப்பட வேண்டியதாயின், மனிதரைப் பற்றிக் கூற வேண்டியதில்லை. பழகிய உணவின் மணம் மூக்கை எட்டியதும் மூளையிலிருந்து நரம்பு வழியாகக் கட்டளை செல்கின்றது, உமிழ்நீர் ஊறுகின்றது, இரைப்பைச் சாறு சுரக்கின்றது, சிறிதளவு இன்சுலினும் முன்கூட்டியே வெளிவருகின்றது. வரப்போகும் உணவுக்கு உடல் செய்யும் இவ்வாயத்தமே நாம் பசி என உணர்வதில் ஒரு பெரும்பங்காகும். உள்ளியும் கடுகும் தாளிக்கும் மணம் அயல்வீட்டிலிருந்து வந்தாலும் எமது வயிறு விழித்துக்கொள்வது இதனாலேயே. பழகாத மணத்துக்கு இத்தகைய கட்டளை எதுவும் எழுவதில்லை. உணவு முன்னே இருக்கின்றது. உடலோ உணவு வந்ததாக அறியவில்லை. பயணி "பசி இல்லை" என்று கூறும்போது பொய் கூறவில்லை என்பது இவ்வாறு தெளிவாகின்றது.

இக்கல்வி பிறப்புக்கு முன்னரே தொடங்குகின்றது. பிரான்சின் அல்சேஸ் பகுதியில் நடத்தப்பட்டு 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், கருவுற்றிருந்த காலத்திற் சோம்பின் மணமுடைய இனிப்புக்களை உண்ட தாய்மாரின் குழந்தைகள் பிறந்த சில மணி நேரத்திலேயே அம்மணத்தை நாடின. ஏனைய குழந்தைகள் அதனைப் பொருட்படுத்தவில்லை அல்லது வெறுத்தன. மறு ஆண்டில் அமெரிக்காவில் ஜூலி மெனெல்லாவும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வு, தாய் கருவுற்ற காலத்திலோ பாலூட்டும் காலத்திலோ கரட் சாறு அருந்தியிருப்பின், குழந்தை அச்சுவையுடைய உணவை எளிதில் ஏற்பதைக் காட்டிற்று. ஒரு சமூகத்தின் அடுப்பங்கரை தாயின் உடல் வழியாகக் குழந்தைக்கு அறிமுகமாகின்றது எனலாம். கடவுச்சீட்டு இருபத்தைந்து வயதிற் கிடைக்கலாம். மூக்கின் குடியுரிமையோ அதற்கு மிக முந்தியது.

3. அருவருப்பு என்னும் காவல்

கட்டளை எழாதிருப்பது ஒன்று. குமட்டல் எழுவது மற்றொன்று. பின்னையதற்குத் தனி விளக்கம் தேவை. மனிதன் அனைத்துண்ணி. எதையும் உண்ணக்கூடியவனாதலால் எங்கும் வாழ முடிகின்றது. அதே காரணத்தால் எதை உண்டு நஞ்சேறுமோ என்ற அச்சமும் அவனைத் தொடர்கின்றது. அமெரிக்க உளவியலாளர் போல் றொசின் 1970களில் விரிவாக எடுத்துக்காட்டிய முரண்பாடு இதுவாகும். புதியதை நாடவும் வேண்டும், புதியதை அஞ்சவும் வேண்டும். இவ்வச்சத்தின் காவலாளியாகவே மூக்கு அமைந்துள்ளது. புளிப்பேறியது, பதனழிந்தது, அழுகியது ஆகியவற்றின் மணங்களை அது விலக்குகின்றது.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. பெரும்பாலான சமூகங்கள் தாம் உயர்வாக மதிக்கும் உணவுகளுள் சிலவற்றை நொதிக்கச் செய்தோ உலரச் செய்தோ முதிரச் செய்தோ ஆக்கிக்கொண்டுள்ளன. ஐரோப்பியரின் முதிர்ந்த பாற்கட்டி, யப்பானியரின் நொதித்த சோயா அவரை, தென்கிழக்காசியாவின் இறாற்பசை, எமது மாசியும் கருவாடும், யாவும் இவ்வகையின. இவற்றின் மணத்தையும் அழுகலின் மணத்தையும் பிரிக்கும் இரசாயன எல்லை மிக மெல்லியது. லிம்பேர்கர் போன்ற பாற்கட்டிகளின் மேற்றோலில் வளரும் பற்றீரியாவின் நெருங்கிய இனம் மனிதப் பாதத்தின் தோலிலும் வாழ்கின்றது. இரண்டிலும் ஐசோவலரிக் அமிலம் உண்டாகின்றது. காலுறையின் நாற்றம் வீசும் பாற்கட்டி என்று நம்மவர் நகைப்பது வெறும் நகைப்பன்று. அது சரியான இரசாயனமுமாகும்.

அவ்வாறாயின் பிரெஞ்சுக்காரர் ஏன் குமட்டல் அடைவதில்லை? 2005ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட் ஆய்வாளர் வெளியிட்ட பரிசோதனையொன்று இதற்கு விடை தருகின்றது. ஐசோவலரிக் அமிலம் சேர்ந்த ஒரே மணம் ஒரு தடவை "செடார் பாற்கட்டி" என்ற சொல்லுடனும், மறு தடவை "உடல் நாற்றம்" என்ற சொல்லுடனும் முகரக் கொடுக்கப்பட்டது. முதற் சொல்லுடன் வந்தபோது அது இனிமையானதாகவும், மற்றச் சொல்லுடன் வந்தபோது விரும்பத்தகாததாகவும் மதிப்பிடப்பட்டது. மூளையில் மணத்தின் இனிமையோடு தொடர்புடைய பகுதியின் செயற்பாடும் அதற்கேற்ப வேறுபட்டது. ஆக, மூக்கு விலக்குவது மூலக்கூறை மாத்திரமன்று. அம்மூலக்கூறுக்குச் சமூகம் கொடுத்துள்ள பெயரையுமாகும். பயணியிடம் அப்பெயர் இருப்பதில்லை. எனவே அவன் தன்னிடமுள்ள நெருங்கிய பெயரை இடுகின்றான். அது பெரும்பாலும் அழுக்கின் பெயராகவோ நோயின் பெயராகவோ அமைந்துவிடுகின்றது.

இந்நிலை ஒருபக்கமானதன்று. எமது சாம்பாரை மணக்கச் செய்யும் பெருங்காயத்துக்கு ஐரோப்பிய மொழிகள் சிலவற்றில் "பிசாசின் மலம்" என்ற பெயர் வழங்குகின்றது. யப்பானிய மொழியில் மேனாட்டுத் தன்மை மேலோங்கியதைக் குறிக்கும் "பத்தா-குசாய்" என்ற தொடரின் நேர்ப்பொருள் "வெண்ணெய் நாறுகின்ற" என்பதாகும். ஒருவருக்கு விருந்தாக இருப்பது மற்றவருக்கு நாற்றமாக இருப்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

4. யப்பானிய உதாரணம்

பிற்கூறிய தொடருக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. பால், வெண்ணெய் ஆகியவை பழைய யப்பானியரின் பொது உணவில் இடம்பெறவில்லை. 1860ஆம் ஆண்டில் உடன்படிக்கையொன்றை உறுதிப்படுத்தும் பொருட்டு 77 பேர் கொண்ட யப்பானியத் தூதுக்குழு அமெரிக்கா சென்றது. அக்குழுவினர் எழுதிய நாட்குறிப்புக்களில், கொழுப்பும் வெண்ணெயும் நாறும் உணவைப் பற்றிய முறைப்பாடுகள் காணப்படுகின்றன. விருந்தளித்தோர் மரியாதைக் குறைவு எதுவும் செய்யவில்லை; தமது பண்டங்களுள் சிறந்தனவற்றையே வைத்தனர். விருந்தினருக்கோ அச்சிறப்பே தடையாயிற்று.

பின்னர் நிகழ்ந்தது யாது? 1872இல் மெய்ஜி மன்னர் மாட்டிறைச்சி உண்டமை பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. இறைச்சி நவீனத்துவத்தின் சின்னமாயிற்று. இரண்டாம் உலகப்போரின் பின்னர் அமெரிக்க உதவியுடன் வந்த கோதுமை மாவும் கொழுப்பகற்றிய பால்மாவும் யப்பானியப் பாடசாலைச் சிறுவரின் மதிய உணவாயின. ஒரு நாட்டின் நாசி தானாக மாறவில்லை. அரசும் வர்த்தகமும் உலக வல்லுறவுகளும் சேர்ந்தே அதனை மாற்றின. மறுபுறம், ஹாவாயிலும் கலிபோர்னியாவிலும் குடியேறிய யப்பானிய ஆண்களைத் தாயகத்தவரோடு ஒப்பிடும் பெரும் ஆய்வொன்று 1965இல் தொடங்கிற்று. குடியேறியோர் தாயகத்தவரைவிட உடல் நிறை கூடியவராயும் விலங்குக் கொழுப்பை அதிகம் உண்பவராயும் காணப்பட்டனர். முதல் தலைமுறைப் பயணியின் பசியைக் கெடுத்த மணம் பிற்காலத்தில் குடியேறியோரின் அன்றாட உணவாயிற்று. எனவே, அந்நிய மணம் உடலை மெலிவிக்கும் என்று மட்டும் கூறுவது அரைகுறையான உண்மையேயாகும்.

5. நிறைக் குறைவின் கணக்கு

மணம் பசியைக் குறைக்கின்றது என்பதை ஏற்றுக்கொண்டாலும், அது உடல் நிறையை எவ்வளவு குறைக்கும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2000 முதல் 2500 கிலோகலோரி வரை தேவைப்படுகின்றது. பழகாத உணவினால் அவர் நாள்தோறும் 500 கிலோகலோரி குறைவாக உண்கின்றார் எனக் கொள்வோம். பதினான்கு நாட்களில் ஏற்படும் பற்றாக்குறை 7000 கிலோகலோரியாகும். உடற்கொழுப்பில் ஒரு கிலோகிராம் குறைவதற்கு ஏறத்தாழ 7700 கிலோகலோரி பற்றாக்குறை வேண்டும். ஆகவே, இரு வாரத்தில் உண்மையாகக் குறையும் கொழுப்பு ஒரு கிலோகிராமுக்கும் சற்றுக் குறைவே.

ஆனால் பயணிகள் மூன்று, நான்கு கிலோகிராம் இழந்ததாகக் கூறுவது பொய்யன்று. உடல் தன் ஈரலிலும் தசைகளிலும் கிளைக்கோசன் என்னும் மாப்பொருளைச் சேமித்து வைத்துள்ளது. அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ மூன்று கிராம் நீர் பிணைந்துள்ளது. சில நாட்கள் குறைவாக உண்ணும்போது இச்சேமிப்பு கரைய, நீரும் வெளியேறுகின்றது. சோறும் கிழங்கும் மீண்டும் வயிறார உண்ட சில நாட்களில் இந்நிறை திரும்பிவிடும். இதனோடு வேறு காரணங்களும் சேர்கின்றன. பயணி ஊரில் நடந்ததைவிட அதிகம் நடக்கின்றான். வயிற்றோட்டம் அவனை வாட்டுகின்றது. மலைநாடுகளில் உயரமே பசியைக் குறைக்கின்றது. புலமைப்பரிசிற் பணத்தை மிச்சம்பிடித்து வீட்டுக்கு அனுப்பும் மாணவன் உண்ணாதிருப்பதற்கு மணத்தைக் காரணம் காட்டுவதும் உண்டு. பொருளாதாரக் காரணத்தை மூக்கின் தலையிற் சுமத்திவிடலாகாது.

இதற்கு நேரெதிரான விளைவும் அதே காரணத்திலிருந்தே தோன்றுகின்றது. வேகும் இறைச்சியையும் பாற்கட்டியையும் அஞ்சி ஒதுங்குபவன் பட்டினி கிடப்பதில்லை. எங்கும் ஒரே மணமுடைய பண்டங்களைத் தேடிப் போகின்றான். பாண், விசுக்கோத்து, பொரித்த உருளைக்கிழங்கு, இனித்த பானம் ஆகியன எந்நாட்டு மூக்கையும் உறுத்துவதில்லை. இவை மலிவானவை, மாவும் சீனியும் கொழுப்பும் செறிந்தவை. முதல் மாதத்தில் மெலிந்த பயணி ஆண்டு முடிவிற் பருத்துக் காணப்படுவதன் இரகசியம் பெரும்பாலும் இதுவே. அந்நிய மணத்தின் மீதான அச்சம் ஒருவனை மெலியவும் செய்யலாம், கொழுக்கவும் செய்யலாம். எது நிகழும் என்பதை அவன் மூக்கு மட்டும் தீர்மானிப்பதில்லை. பணப்பையும் கடைத்தெருவும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

6. பழக்கமும் மறுகல்வியும்

கற்கப்பட்டது மறுபடியும் கற்கப்படலாம். ஆனால் எவ்விதம்? லீயன் பேர்ச் என்ற உளவியலாளரும் சகாக்களும் 1980களில் சிறுவரைக் கொண்டு செய்த ஆய்வுகளிலிருந்து இரு உண்மைகள் பெறப்பட்டன. ஒன்று, புதிய உணவொன்றை எத்தனை முறை உண்கின்றனரோ அதற்கேற்ப அதன்மீது விருப்பம் வளர்கின்றது. மற்றது, பார்ப்பதனால் மாத்திரம் சுவையின் மீது விருப்பம் தோன்றுவதில்லை. வாயிலிட்டு உண்ணவே வேண்டும். வாசலில் நின்று முகர்ந்து திரும்புபவன் ஓராண்டு கழிந்தாலும் கற்கமாட்டான். நாளுக்கு இரு கவளம் உண்பவன் சில வாரங்களிற் கற்பான்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. ஜோன் காசியா 1955இல் வெளியிட்ட எலிப் பரிசோதனைகள், ஒரு சுவையை அடுத்து நோய் ஏற்படின் அச்சுவை நீண்டகாலம் வெறுக்கப்படும் என்பதைக் காட்டின. பழகிய சுவையைவிடப் புதிய சுவையே இவ்வாறு குற்றஞ்சாட்டப்படுகின்றது என்பது பின்னைய ஆய்வுகளின் முடிபு. பயணத்தின் முதல் நாட்களில் நீரினாலோ களைப்பினாலோ வயிறு கெட்டாலும், உடல் பழியைப் புதிய உணவின்மீதே போடும். ஆகவே, நோயுற்ற நாளிலும் நெடும்பயணத்தின் மறுநாளிலும் புதிய உணவைப் பரீட்சிக்காது பழகியதை உண்பதும், நலமாகவும் பசியோடும் இருக்கும் வேளையில் புதியதைச் சிறிதளவாகத் தொடங்குவதும் அறிவுடைமையாகும். அறிந்த மணமொன்றை அறியாத உணவோடு சேர்த்தலும் பயன் தரும். எமது விடுதி வாழ்க்கையிலும் மாற்றம் தொடங்கியது, அந்தச் செம்மறியாட்டிறைச்சியின் மீது ஊரிலிருந்து வந்த மிளகுத்தூளைத் தூவிய நாளிலேதான்.

1888இல் இலண்டன் சென்ற காந்தியடிகளின் அனுபவம் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. தாய்க்கு அளித்த சத்தியத்தினால் புலால் உண்ணாத அவர், முதல் மாதங்களிற் பசியுடனேயே வாழ்ந்தார். வாசனைச் சரக்கு எதுவுமின்றி அவித்த கீரை அவருக்குச் சப்பென்றிருந்தது. கூடுதலாகப் பாண் கேட்பதற்கும் கூச்சம் தடுத்தது. நாளொன்றுக்கு எட்டுப் பத்து மைல் நடப்பதும் அவர் வழக்கமாயிற்று. பின்னர், பரிங்டன் வீதியிலிருந்த மரக்கறி உணவுச்சாலையிலேதான் இங்கிலாந்து வந்தபின் முதன்முறையாக வயிறார உண்டார். காலப்போக்கில் ஊர்ச் சரக்குகளின் மீதிருந்த ஏக்கம் நீங்கி, முன்பு சப்பென்றிருந்த அதே கீரை சுவைக்கத் தொடங்கியது. சுவையின் இருப்பிடம் நாவன்று, மனமே என்ற முடிபுக்கு அவர் வந்ததாகத் தம் சுயசரிதையிற் குறிப்பிடுகின்றார். பின்வந்த ஆய்வுகள் அம்முடிபோடு பெரிதும் ஒத்துச் செல்கின்றன. ஆயினும், அவர் முதலில் உயிர் பிடித்தது மனவலிமையால் மட்டுமன்று. உண்ணத்தக்க உணவு விற்கும் ஓரிடம் அந்நகரில் இருந்தமையாலுமாகும்.

7. யார் பழகிக்கொள்ள வேண்டும்?

இவ்விடத்தில் பிரச்சினை தனிமனிதனின் மூக்கைக் கடந்து சமூகத்தைச் சென்றடைகின்றது. விரும்பிச் சென்ற உல்லாசப் பயணிக்கு ஒரு கிலோகிராம் குறைவது பெரிதன்று. விரும்பாது இடம்பெயர்ந்தோரின் நிலை வேறு. ஜேர்மனியில் 1993இல் நடைமுறைக்கு வந்த புகலிடம் கோருவோருக்கான உதவிச் சட்டம், பணத்துக்குப் பதிலாகப் பொருளாக உதவி வழங்குவதற்கு முன்னுரிமை அளித்தது. அதன்படி பல விடுதிகளிற் சமைத்த உணவோ உணவுப் பொதியோ வழங்கப்பட்டன. எதைச் சமைப்பது என்று தீர்மானிக்கும் உரிமை அகதிக்கு இல்லாதபோது, "பழகிக்கொள்" என்பது அறிவுரையாகாது, அது கட்டளையாகும். முதியோர் இல்லங்களில் வாழும் புலம்பெயர்ந்த முதியோர் நிலை இன்னும் நுண்மையானது. முதுமையில் மணமறியும் ஆற்றல் குன்றுகின்றது; புதியதைக் கற்பதும் கடினமாகின்றது. அவர்களிடத்து நிறைக்குறைவு நோய்க்கும் மரணத்துக்கும் வழிவகுக்கக்கூடும். ஒரு கிண்ணம் சொதியின் மணம் அங்கே ஏக்கத்தின் பொருளன்று, மருத்துவத்தின் பொருளாகும்.

மணத்தைப் பற்றிய தீர்ப்பு மனிதரைப் பற்றிய தீர்ப்பாக மாறுவதும் கவனத்துக்குரியது. தொழிலாளர் நாற்றம் வீசுவர் என்று நடுத்தர வர்க்கத்தாருக்குச் சிறுவயதிலிருந்தே கற்பிக்கப்பட்டதை ஜோர்ஜ் ஓவெல் 1937இல் வெளியான நூலொன்றில் வெளிப்படையாக எழுதினார். கறி மணம் வீட்டில் தங்கிவிடுகின்றது என்று காரணங் கூறி, இந்திய, பாக்கிஸ்தானிய வாடகையாளரை ஏற்க மறுத்த வீட்டுரிமையாளர் ஒருவருக்கு எதிராக 2017இல் இங்கிலாந்து நீதிமன்றம் தடையுத்தரவு பிறப்பித்தது. தன் வீட்டு மணத்தை எவரும் உணர்வதில்லை. இடைவிடாத மணத்துக்கு மூக்கு சில நிமிடங்களிலேயே செவிடாகிவிடுகின்றது. அதனாலேயே ஒவ்வொரு சமூகமும் தன்னை மணமற்றதாகவும் பிறரை நாறுவதாகவும் எண்ணிக்கொள்கின்றது. அந்நியரின் அநீதியைக் கண்டிக்கும் நாம், எமது கிராமங்களில் "மீன்வெடுக்கு" என்ற சொல் யாரைக் குறித்து, எத்தொனியில் வழங்கப்பட்டது என்பதை மறந்துவிடலாகாது. கடலில் உழைத்தவனின் மீனை உண்டு, அவன் மீது வீசிய மணத்தை இழிவென்று கூறிய மூக்கும் கற்பிக்கப்பட்ட மூக்கேயாகும்.

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படுவது இதுதான்: அந்நிய உணவின் மணத்தால் பசி கெடுவது உண்மை, அது உடலில் நிகழ்வது, வெட்கப்பட வேண்டியதன்று. ஆனால் அவ்வெறுப்பு உணவின் குணத்தைப் பற்றிய சாட்சியமாகாது. எமது பழக்கத்தைப் பற்றிய சாட்சியமேயாகும். கற்றதனால் வந்தமையின் கற்பதனால் மாறக்கூடியது. அந்த மாற்றத்துக்குக் காலமும், போதிய பணமும், தானே சமைத்துக்கொள்ள ஓர் அடுப்பும் வேண்டும். நான்காம் மாதத்தில் எமது விடுதியின் படிகளில் ஏறி வந்த மணம் எம்மை உணவு மேசைக்கு அழைத்தபோது, அங்கே புதிதாக வந்து சேர்ந்திருந்த மாணவர் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு தம் அறைக்குத் திரும்பினார். நாம் சிரிக்கவில்லை. மிளகுத்தூள் போத்தலை எடுத்துக்கொண்டு அவர் கதவைத் தட்டினோம்.